வரிசையில் கடைசிப் பொம்மை வீடு

பொம்மை வீடு திருத்துகிறவனுக்கு முதலில் பழுதாவது அவனுடைய முழங்கால்தான். அந்த வீட்டுக்குள் பார்க்க வேண்டுமென்றால் தரையில் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடி, மூச்சையும் அடக்கிக்கொள்ள வேண்டும். பலமாக மூச்சு விட்டால் உள்ளே இருக்கிற குட்டிக் கதிரை மேசை கவிழ்ந்துவிடும். பொழுதுபோக்கு என்று எதையோ தொடங்கி, பிறகு ஊராரின் உடைசல் எல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்து, மனைவியிடம் பேச்சு வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். தையல் தெரிந்தவர்கள், மணிக்கூடு திருத்தத் தெரிந்தவர்கள், கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள், நீங்கள் எல்லோரும் என் கட்சி.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். யாழ்ப்பாணத்திலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து, ஒரு கதவுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் பிணைச்சல், அதாவது கீல், பூட்டினேன். வேலையை விட்ட வருடம், ரானுயியில் எங்கள் தெருவோரப் புல்லில் யாரோ வெளியே வைத்த ஒரு பொம்மை வீடு மழையில் நனைந்துகொண்டு கிடந்தது. தூக்கிக்கொண்டு வந்தேன். அப்படித்தான் தொடங்கியது. ஜூன் பிறந்தால் ஆகஸ்ட் முடியும் வரை இங்கே மழையும் குளிரும்தான். கராஜில் ஒரு சின்ன ஹீட்டர், பிளாஸ்கில் தேத்தண்ணி, ரேடியோவில் யாராவது கதைத்துக்கொண்டிருப்பார்கள். சொர்க்கம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சொர்க்கத்தில் இருந்துகொண்டு நான் செய்த பிழைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நேராக்கிய படி

பக்கத்துத் தெரு மார்கரெட்டுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. காலமான கணவர் எப்போதோ மகளுக்காகச் செய்த வீட்டைக் கொண்டுவந்தார். தகரக் கூரை, முன்பக்கம் விறாந்தை, பலகைச் சுவர். இந்த ஊர்ப் பழைய வீடுகளின் அச்சு. "கொஞ்சம் துடைத்துத் தந்தால் போதும்" என்றார். துடைப்பதோடு நின்றேனா? மாடிப்படி ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஒரு ஜன்னல் மற்றதைவிட உயரத்தில் இருந்தது. சமையலறைச் சுவரில் நாலு விதமான காகிதத் துண்டுகள். தொழிற்சாலையில் ஒரு மேற்பார்வையாளன் அரை மில்லிமீட்டர் பிசகுக்காக என்னை எல்லோர் முன்னாலும் வைத்துச் சிரித்தவன். அவனுடைய சிரிப்பு எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. அவனுக்குக் காட்டுவதுபோல எல்லாவற்றையும் நேராக்கினேன். பழைய காகிதத்தை உரித்துப் பூப் போட்ட புதுக் காகிதம் ஒட்டினேன். படியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுப் படி வைத்தேன்.

மார்கரெட் வந்தார். விரல் நேராகப் படிக்குப் போய் அங்கேயே நின்றது. கணவருக்கு ஒரு கண் சரியாகத் தெரியாது என்று அப்போதுதான் சொன்னார். எறிந்த படியைக் குப்பை வண்டி இரண்டு நாள் முன்னதாகவே ஏற்றிக்கொண்டு போயிருந்தது. மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "ரொம்ப அழகாக இருக்கிறது. இது யாருடைய வீடு?"

தென்கிழக்கு

இந்த வருடம் ஜூனில் ஹென்டர்சனிலிருந்து ஒரு தமிழ்நாட்டுத் தம்பதி வந்தார்கள். இரண்டு பேரும் ஐடி வேலை. மகளுக்கு வாங்கிய பொம்மை வீட்டில் ஒரு பூஜை அறை வைக்க வேண்டும். அதோடு சமையலறை தென்கிழக்கில் வர வேண்டும். அந்தத் தம்பி ஃபோனில் திசைகாட்டியைப் போட்டு, அதை வீட்டின் கூரைமேல் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, வீட்டைத் தூக்கித் திருப்பி வைச்சால் சமையலறை நீங்கள் கேட்ட பக்கம் வந்திடும்" என்றேன்.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "இதுக்கா ரெண்டு நாளா வீடியோ வீடியோவா பாத்தீங்க?"

"சும்மா இரு. அங்கிள், நாங்க இருக்கறது வாடகை வீடு. கிச்சன் இருக்க வேண்டிய இடத்துல பாத்ரூம் இருக்கு. அதைத்தான் ஒண்ணும் பண்ண முடியல, இதையாச்சும் சரியா வெச்சுக்கலாமே."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. செய்து தருகிறேன் என்றேன். போகும்போது அவர், "பூஜை ரூம் அளவு பத்தி நாளைக்கு உங்ககிட்ட பேசறேன் அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனார். தேத்தண்ணிக் கோப்பை எடுக்க வந்த என் மனுசி ஈஸ்வரி கதவடியில் நின்றபடி சொன்னாள்: "இஞ்சருங்கோ, இந்தப் பொடியனும் உங்களைப் பேசப் போறாராம். இவரோடயும் மூண்டு வருசம் கோவமோ?"

பேசுறது

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒருவரோடு ஒருவர் உரையாடினால் அது கதைக்கிறது. பேசுறது என்றால் திட்டுவது. "அம்மா பேசுவா" என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்தப் பிள்ளை எதையோ உடைத்திருக்கிறது என்று அர்த்தம். என் மகள் கௌரி கட்டியது கார்த்திக் என்ற கோயம்புத்தூர்க்காரரை. மனுரேவாவில் ஒரு வீடு பார்த்தார்கள். என்னையும் கூட்டிப்போய்க் காட்டினார்கள். கதவுகள் தரையில் உரசின, சுவரில் ஈரம். வேண்டாம் என்றேன். இரண்டு கிழமை கழித்து, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் மோர்ட்கேஜில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஃபோனில் மகளைக் கேட்டேன், சத்தமாகத்தான் கேட்டேன். அவள் அழுதாள். பின்னால் மருமகனின் குரல் கேட்டது: "நீ அழாத. மாமாகிட்ட நான் பேசிக்கறேன்."

என்னைப் பேசுவதா? அதுவும் என் மகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டா? ஃபோனை வைத்துவிட்டேன். பிறகு அவர் நாலு தரம் ஃபோனில் கூப்பிட்டார். நாலு தரமும் மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர்கள் புது வீட்டுக்குக் குடிபூரலுக்குப் போகவில்லை. பேத்தியின் பிறந்தநாளுக்கும் போகவில்லை. மனுசி மட்டும் ரயிலேறிப் போய் வருவாள். இப்போது மறைத்து ஒன்றும் ஆகப் போவதில்லை: தமிழ்நாட்டில் பேசுவது என்றால் என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும். சின்ன வயதிலிருந்து படம் பார்த்தவன். ஆனால் அன்றைக்கு என் காது எங்கள் ஊர்ப் பக்கமே நின்றது. நானும் அதைத் திருப்பவில்லை. அது ஈஸ்வரிக்கும் தெரியும். ஒருநாள் பருப்புக் கடைந்துகொண்டே கேட்டாள்: "படத்திலை கதாநாயகன் பேசினால் விளங்குது, மருமகன் பேசினால் மட்டும் விளங்காதோ?"

வரிசைப்படி

நான் கோபித்துக்கொண்ட அந்த வருடக் குளிர்காலத்தில் கௌரி காரில் வந்து, ஒரு பொம்மை வீட்டை எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனாள். உள்ளே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. பேத்தி மீராவுக்குப் பழைய சாமான் கடையில் ஆசைப்பட்டு வாங்கிய வீடு. அப்போது மீராவுக்கு ஏழு வயது. ஒரு சுவர் விலகியிருந்தது, கூரையில் வெடிப்பு, கதவு ஒன்றுகூட இல்லை. மூன்று நாள் வேலை. "வரிசைப்படிதான் செய்வன்" என்று மனுசியிடம் சொல்லிவிட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்தேன். அதுவரை என் கராஜில் வரிசை என்று ஒன்று இருந்ததில்லை. பிடித்ததை முதலில் செய்வேன், அவ்வளவுதான்.

மார்கரெட்டின் வீடு அதற்குப் பிறகுதான் வந்தது. முதலில் போனது அதுதான். அடுத்த குளிருக்கு வேறு இரண்டு வீடுகள், அதற்கடுத்த குளிருக்கு மூன்று. ஒவ்வொரு முறையும் அலுமாரியின் உச்சியைப் பார்ப்பேன். முதலில் அவர்கள் வந்து கேட்கட்டும் என்று நினைப்பேன். மீரா என்னை அம்மப்பா என்று கூப்பிடாமல் தகப்பன் பக்க வழக்கத்தில் தாத்தா என்று கூப்பிடுகிறாள். அதுவும் அப்போது எனக்கு ஒரு குறையாக இருந்தது. இந்த ஜூலையில், தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த சமோவாக்காரர் தவிதா, மிச்சப் பலகைத் துண்டுகள் கொண்டுவந்தார். நல்ல உயரமான மனிதர். அலுமாரிக்கு மேலே கையை நீட்டி, அந்தக் கூரையில் விரலால் ஒரு கோடு இழுத்து, விரலில் ஒட்டிய தூசியை எனக்குக் காட்டிக் கேட்டார்: "பாஸ், இந்த வீட்டுக்காரர் செத்துப்போயிட்டாரா?"

என்றைக்கு

அடுத்த நாள் காலை அதை இறக்கினேன். சொன்னபடி மூன்றே நாள். சுவரைப் பசை போட்டு இறுக்கினேன். கூரைக்குத் தவிதாவின் பலகை. ஐந்து கதவு செய்தேன், ஒவ்வொன்றுக்கும் நகத்தளவு பித்தளைப் பிணைச்சல். நான் செய்த வேலைகளில் இதுதான் திறம் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை காரில் ஏற்றினோம். மழைக்குள் மோட்டர்வேயில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஈஸ்வரி பின் சீட்டில் இருந்து அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கார்த்திக் கதவைத் திறந்தார். "வாங்க மாமா, வாங்க. நனையறீங்க பாருங்க, கொடுங்க அதை" என்று வீட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். வாசல் கதவு இப்போது உரசவில்லை. யாரோ நன்றாகவே சீவியிருந்தார்கள். கௌரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், சீனி இல்லாமல், நான் குடிக்கிற மாதிரி. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மருமகனைக் கேட்டேன். "தம்பி, அண்டைக்கு என்னோட பேசவேணும் எண்டு சொன்னீங்கள். என்ன சொல்ல இருந்தனீங்கள்?"

அவர் உண்மையாகவே யோசித்தார். கௌரியைப் பார்த்தார். அவளும் யோசித்தாள். மூன்று வருடம் நான் தூக்கிச் சுமந்த அந்த ஒரு வசனத்தை அந்த வீட்டில் ஒருவரும் வைத்திருக்கவில்லை. கடைசியில் அவர் கேட்டார்: "என்னிக்குங்க மாமா?"

மீரா

மீரா வலைப்பந்து விளையாடிவிட்டு வந்தாள். சேற்றுச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது என் தோளளவு நின்றாள். நான் கதவுகளுக்கு அளவெடுக்கும்போதெல்லாம் என் மனதில் இருந்தது ஏழு வயதுப் பிள்ளை. தரையில் மண்டியிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்து உள்ளே பார்க்கிற பிள்ளை. இவள் மண்டியிடவில்லை. குனிந்து, ஒரு கதவை இரண்டு தரம் திறந்து மூடினாள். அழகாக இருக்கிறது, நன்றி தாத்தா என்றாள்.

"எங்கை வைக்கப் போறாய் பிள்ளை?" என்று கேட்டேன். அவள் தாயைப் பார்த்தாள். தாய் ஜன்னலைப் பார்த்தாள். கார்த்திக்தான், "ஹால்லயே வெச்சுக்கலாம் மாமா, வர்றவங்க பாப்பாங்க" என்றார். மீரா ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினாள், எனக்கு விளங்க வேண்டுமென்று. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குப் பழக்கம், பதில் சொல்லியிருப்பேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: "முன்னே ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மாவிடம் கேட்பேன், தாத்தா முடித்துவிட்டாரா என்று. பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். இதை யாராவது சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா, தாத்தா?"

பொம்மை வீட்டில் கழன்றது, வெடித்தது, உக்கியது எல்லாவற்றையும் நான் திருத்துவேன். அதற்காகக் காத்திருந்த பிள்ளையின் வயதைத் திருத்துகிற வேலை மட்டும் எனக்குத் தெரியாது.