சீசன் டிக்கெட்டுக்குப் பதினைந்தாவது பையன்

அந்த ஆண்டு ஜூன் மாதத்துக்குள் வீட்டுச் செலவில் குறைக்கக்கூடியதை எல்லாம் குறைத்துவிட்டேன். சலவைக்கு என் ஆபீஸ் வேட்டி சட்டை மட்டும் போயிற்று. செய்தித்தாளை நிறுத்தி, ஆபீசுக்கு வரும் பேப்பரை மறுநாள் படித்தேன். சாயங்காலப் பாலை நிறுத்தினேன். அரிக்கேன் விளக்கு இரண்டிலிருந்து ஒன்றாயிற்று. இதற்கு மேல் குறைக்க வேண்டுமானால் சோற்றில்தான் கை வைக்க வேண்டும் என்று என் மனைவி சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. உலை வைத்துக்கொண்டே சொன்னாள்.

குறைக்க முடியாமல் நின்றது ஒன்றுதான். என் மகளின் ரயில் சீசன் டிக்கெட்.

புத்தூர் தாலுகா ஆபீசில் நான் குமாஸ்தா. ஆந்திரா தனி மாநிலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. புத்தூரில் எட்டாவது வரைக்கும் தமிழில் படிக்கலாம். ஒன்பதாவதிலிருந்து தெலுங்கு மட்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் போல என் மகளும் கடையில், தெருவில் தெலுங்கு பேசுவாள். ஆனால் சரித்திரத்தையும் அல்ஜீப்ராவையும் அவள் தெலுங்கில் படித்ததில்லை. தமிழில் தொடர்ந்து படிக்க வேண்டுமானால் திருத்தணிக்குப் போக வேண்டும். காலை பாசஞ்சரில் போய் மாலையில் திரும்ப வேண்டும். மாணவர் சலுகை போக மாதம் ஐந்து ரூபாய். மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் கொஞ்சம் குறையும் என்று காலாண்டு டிக்கெட்டாக எடுத்தேன். அந்தத் தொகையை ஒரே நாளில் கொடுத்துவிட்டு, ஜூலை மாத அரிசிக்குக் கடன் வாங்கினேன்.

"எட்டு படிச்சாச்சு. பொண்ணு ரயில்ல போய்க்கினு வந்துக்கினு இருக்கணுமா?" என்றாள் மனைவி.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் இந்த ஒரு டிக்கெட்தான் குடும்பத்தைக் கடனில் இறக்கியது. மகளைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். கையிலிருக்கும் டிக்கெட் ஆகஸ்ட் கடைசி வரைக்கும் செல்லும். அதற்குள் வேறு வழி ஏதும் தெரியாவிட்டால் படிப்பை நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான் என்றேன். அவள் அழவில்லை. "ஆகஸ்ட்ல கால் பரீட்சை கூட வராதே நைனா" என்று மட்டும் சொன்னாள்.

வழியைக் கொண்டுவந்தவளும் அவளேதான். திருத்தணிப் பள்ளியில் ஓர் ஆசிரியர் சொன்னாராம். ஒரு வகுப்புக்குப் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் புத்தூரிலேயே தமிழ்ப் பிரிவு திறக்க விதி இருக்கிறது. மறுநாளே எங்கள் ஊர் ஹைஸ்கூல் தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தேன். தெலுங்குக்காரர், நல்ல மனிதர். "ரூல் உந்தி, காதனனு" என்றார். விதி இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன் என்றார். "பதினஞ்சு பேர் கையெழுத்து கொண்டாங்க. ஆனா ஒண்ணு, கையெழுத்து மட்டும் போதாது. இன்ஸ்பெக்ஷன் நாள்ல பதினஞ்சு தலை பெஞ்சில உட்காரணும். பதினாலு இருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

எண்ணுவது எனக்குப் பழக்கம். அந்த ஆண்டு தமிழில் எட்டாவது தேறிய பிள்ளைகளை ஒவ்வொருவராக நினைவுக்குக் கொண்டுவந்து, ஆபீஸ் விட்டதும் வீடு வீடாகப் போனேன். சிலர் தெலுங்குப் பிரிவில் சேர்ந்து தடுமாறிக்கொண்டிருந்தார்கள். சிலர் வீட்டில் சும்மா இருந்தார்கள். மூன்று வாரத்தில் என்னுடையதையும் சேர்த்துப் பதினான்கு கையெழுத்து சேர்ந்தது.

அதற்குள் ஊரில் வேறு பேச்சு கிளம்பிவிட்டது. எல்லைக்கோடு எங்கே போகும், எந்தத் தாலுகா மெட்ராசுக்கு, எது ஆந்திராவுக்கு என்று டீக்கடையில் எல்லாம் வாதம் நடந்த நேரம் அது. தமிழுக்குக் கையெழுத்து வாங்குகிறேன் என்றால் அதற்கு ஓர் அர்த்தம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் தாசில்தார் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏமய்யா, நுவ்வு கூடா உத்யமமா?"

நீயும் போராட்டத்தில் இறங்கிவிட்டாயா என்று கேட்டார். சர்க்கார் வேலை. அன்று பள்ளிக்கு விடுமுறையானதால் மகளின் டிக்கெட் என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"போராட்டம் இல்லைங்கய்யா. ரயில் சார்ஜ்."

அவர் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ரயில் சார்ஜுக்காக ஊர் பூரா சுத்தறியா?"

"ஆமாங்கய்யா."

"இதை வெளியில சொல்லாதே. போராட்டம்னு சொன்னாலாவது நாலு பேர் மதிப்பான்" என்றார். பிறகு பைலைத் தள்ளிவிட்டு, ஆபீஸ் நேரத்தில் ஒரு கையெழுத்துகூட வாங்கக்கூடாது என்று கண்டித்து அனுப்பினார்.

பதினைந்தாவது, கைத்தறி நெசவு செய்யும் ஒருவரின் மகன். என் மகளோடு எட்டாவது தேறியவன். அவன் படிப்பை நிறுத்தித் தார் சுற்ற வைத்திருந்தார்கள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் ராட்டினத்தால் நூல் சுற்றித் தரும் வேலை அது. அப்பா தறிக்குழியில் உட்கார்ந்து நெய்வார், பையன் பக்கத்தில் ராட்டினம் சுற்றுவான். இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் அவர் தறியை நிறுத்தாமலே இல்லை என்றார். மூன்றாம் முறை போனபோது கணக்கோடு போனேன்.

"உங்க பையன் சுத்தற தாருக்கு வெளி ஆள் வச்சா மாசம் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

தறி நின்றது. "எதுக்கு கேக்கறீங்க சாரே?"

"சொல்லுங்க."

"மூணு ரூபா ஆவும்."

"ரெண்டரை நான் தர்றேன். பையனைப் பள்ளிக்கு அனுப்புங்க."

அவர் நூல் ஒட்டிய கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வந்து உட்கார்ந்தார். "உங்க பொண்ணு டிக்கெட்டு எம்மாம்?"

"அஞ்சு."

"அப்ப எம் பையனால உனக்கு ரெண்டரை மிச்சம்." உங்களுக்கு என்பது உனக்கு ஆகியிருந்தது. அதை நான் கவனித்தேன். "தரகு வேலை பாக்கறியா? இத்தினி வருசம் ஆபீசுல உக்காந்துகினு இதான் கத்துக்கினியா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி, "மூணா கேளு" என்றாள்.

"இரு. பேசிக்கினு இருக்கறன் இல்ல?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "உன் பொண்ணு படிப்பு முடிஞ்ச அன்னைக்குத் துட்ட நிறுத்திடுவ. அப்ப எம் பையன் படிச்சவனும் இல்ல, தறிக்காரனும் இல்ல. எங்க போவான்?"

அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. பையன் ராட்டினத்தை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"காலைல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் சுத்துவான். நடுவுல ஸ்கூலு" என்றார் கடைசியில். "ரெண்டரை. முதல் தேதியில கையில வரணும். ஒரு மாசம் வரலன்னா அன்னைக்கே இஸ்துக்கினு வந்துடுவன்."

பதினைந்து தலையும் பெஞ்சில் உட்கார்ந்தன. தமிழ்ப் பிரிவு திறந்தது. மகளின் டிக்கெட் முடிய ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாள் பயணம் வீணாயிற்றே என்றுகூட எனக்குத் தோன்றியது. அதைச் சொன்னபோது மனைவி என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

மாதம் இரண்டரை மிச்சம் என்று சொன்னேனே தவிர, நிம்மதி மிச்சமாகவில்லை. தினம் காலையில் ஆபீசுக்கு நெசவாளர் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். பள்ளி மணி அடித்த பிறகும் அந்த வீட்டில் ராட்டினச் சத்தம் கேட்டால், சுற்றுவது யார் என்று நின்று எட்டிப் பார்ப்பேன். ஒருவன் குறைந்தால் பதினான்கு. பதினான்கு என்றால் பிரிவு மூடப்படும். அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது என் மகளுக்கு வந்ததைவிட அதிகம் பயந்தேன். மாத்திரை வாங்கிக்கொண்டு போனேன். அவன் அப்பா மாத்திரையை வாங்கிக்கொண்டு, "இது ரெண்டரையில சேருமா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"சரி, நல்லது" என்றார்.

தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே ஒருநாள் சொன்னார், வருகையை வாத்தியார் எடுக்கு முன்பே நான் எடுத்துவிடுகிறேன் என்று. மகளுக்கு அது பெரிய அவமானம். "நைனா, நீ அந்தத் தெரு வழியா வராத. பசங்க எல்லாம் சிரிக்கிறாங்க" என்றாள். மறுவாரம் வேறு தெரு வழியாகப் போய், அந்தத் தெரு முனையில் நின்று ராட்டினச் சத்தத்துக்குக் காது கொடுத்தேன்.

இப்படி ஓர் ஆண்டு ஓடிற்று. எல்லாரும் ஒன்பதாவது தேறினார்கள். பையனும் தேறினான், கணக்கில் மட்டும் அடித்துப் பிடித்து.

எல்லை முடிவாயிற்று. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று, புத்தூர் ஆந்திராவில் நின்றது. நான் அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை. என் பதினைந்து பேரும் புத்தூர்ப் பிள்ளைகள், எந்தக் கோடும் அவர்களைத் தொடாது என்று நினைத்தேன். பத்தாவது திறந்த இரண்டாம் நாள் மகள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். தமிழ்ப் பிரிவின் ஒரே ஆசிரியர் மெட்ராஸ் மாநிலத்துக்கு விருப்பம் எழுதிக் கொடுத்துப் போய்விட்டார். அவருக்குத் திருத்தணிப் பக்கம் சொந்த வீடு, வயதான தாய் தந்தை. யார்தான் போகமாட்டார்கள்? பதினைந்து பிள்ளைகளையும் ஆண்டு முழுக்க எண்ணிக்கொண்டிருந்தேன். வாத்தியாரை ஒருநாளும் எண்ணவில்லை.

"போஸ்ட்டுக்கு எழுதியிருக்கேன்" என்றார் தலைமையாசிரியர். "எப்போ வரும்னு தெரியாது. அதுவரைக்கும் தெலுங்கு செக்ஷன்ல உட்காரட்டும்."

மகள் ஒரு வாரம் தெலுங்குப் பிரிவில் உட்கார்ந்தாள். எட்டாம் நாள் உட்கார மாட்டேன் என்று சொன்னாள். பழையபடி ரயில்தான். ஐந்து ரூபாய்தான். டிக்கெட் விலை எல்லையைக் கண்டுகொள்ளவில்லை. பதினைந்தாவது பையனுக்குக் கொடுக்கும் இரண்டரையை நிறுத்தினால், பழைய இடத்துக்கே வந்து நிற்போம் என்று நினைத்துக்கொண்டு நெசவாளர் வீட்டுக்குப் போனேன்.

தறியில் அவர் இருந்தார். ராட்டினத்தில் கூலிக்கு வந்த ஒரு பெண் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். பையன் சுவரோரம் புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்தான். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"நான் அன்னைக்கே சொன்னன் இல்ல?" என்றார். குரல் உயரவில்லை. "இப்ப பாரு. இவன் குந்தினு படிக்கிறான். தார் சுத்த ஆள் போட்டாச்சு. நீ துட்ட நிறுத்திட்டா ஆளையும் நிறுத்திட்டு இவன ராட்டினத்துல குந்த வைக்கணுமா?"

"தெலுங்குப் பிரிவு இருக்கு" என்றேன்.

"உன் பொண்ணு அதுல குந்துச்சா?"

நான் பையன் பக்கம் பார்த்தேன்.

"இவனும் உன் பொண்ணோட ரயில்ல போவட்டும். டிக்கெட்டு நீ எடு."

"ரெண்டு டிக்கெட் பத்து ரூபாய். என் சம்பளம் தெரியுமா உங்களுக்கு?"

"என்னுது தெரியுமா உனக்கு?"

அவர் மனைவி மறுபடி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "பாதி பாதி போடுங்க. எவ்ளோ நேரம் பேசுவீங்க?"

பாதி பாதி என்றே முடிந்தது. அவன் டிக்கெட்டில் பாதி அவர், பாதி நான்; தார் சுற்றுகிற ஆளின் கூலி இனி அவர் பாடு. குறைக்கப் போன ஐந்து ரூபாய் ஏழரை ரூபாயாக வீட்டுக்குத் திரும்பி வந்தது. மனைவியிடம் சொன்னேன். அவள் உலையை இறக்கி வைத்தாள். பிறகு, "நீங்க இனிமே எதையும் குறைக்காதீங்க. கட்டுப்படியாவாது" என்றாள்.

முதல் நாள் காலை நெசவாளரும் ஸ்டேஷனுக்கு வந்தார். சீசன் டிக்கெட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "திரும்பி வரசொல்லோ தனியா கேக்க மாட்டாங்களே?" என்றார். மாட்டார்கள் என்றேன். மகள் பெண்கள் பெட்டியில் ஏறினாள். பையன் இரண்டு பெட்டி தள்ளி ஏறினான். ஒருவரையொருவர் தெரியாதவர்கள் மாதிரி நின்றார்கள்.

"பத்தாவது முடிஞ்சா ஒரு வருசந்தானே?" என்று கேட்டார் அவர்.

"ஒண்ணுதான். பதினொண்ணாவது."

"டிக்கெட்டு ஏறுமா?"

"ஏறும்னு பேசிக்கிறாங்க."

"ஏறினா ஏறினதுலயும் பாதிதான் நான். இப்பவே சொல்லிட்டன்."

வண்டி போன பிறகு அவர் தறிக்கும் நான் ஆபீசுக்கும் ஒரே சாலையில் நடந்தோம். ஒரு ரூபாய் ஏறினால் எனக்கு ஒன்றரை ரூபாய் கூடும். அந்த ஒன்றரைக்கு எதை நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டே போனேன். நிறுத்துவதற்கு வீட்டில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.