வீமன் கை தந்த காலை

காலை ஏழு இருபத்தைந்துக்கு நான் பின்கதவைத் திறந்து வீமனை வெளியே விட்டேன். கதவுக்கு மேலே தொங்கிய மணிக்கூட்டை அப்போது ஏன் பார்த்தேன் என்று தெரியாது. இன்றைக்கும் பனி கொட்டும் மாரியில் அந்த நேரம் கண்ணில் பட்டால் போய்ப் பின்கதவைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அன்று தைப்பொங்கல். எனக்கு எட்டு வயது. ரொறன்ரோவுக்குக் கிழக்கே, ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கி இரண்டாவது மாரி. வீமன் அப்பாவின் நாய். அம்மா அவனை ஒருநாளும் தொட்டதில்லை. அப்பா அவனுடைய பாதங்களைக் கைக்குழந்தையின் பாதங்களைப்போலப் பார்த்தார். பனி உருண்டு கட்டாமல் விரல்களுக்கிடையில் மயிரைக் கத்தரிப்பார். வெளியே விடமுன் வாசலீன் பூசுவார். திரும்பி வந்ததும், பனி கரையத் தெருவில் தூவுகிற, பாதத்தை எரிக்கும் உப்புப் போக இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவித் துடைப்பார். நாய்ச் சப்பாத்தும் வாங்கிப் பார்த்தார். நான்கையும் நாலு பக்கம் உதறிவிட்டான். அப்பா இரவு வேலைக்குப் போன நாட்களில் வாசலீன் பூசுவது என் பொறுப்பு.

அன்றைக்கு நான் பூசவில்லை. முழுகிப் புதுப் பாவாடை கட்டியிருந்தேன்.

"முழுகின கையாலை நாயைத் தொடாதை," என்றார் அம்மா. "பொங்கி முடியுமட்டும் அவர் வெளியிலை நிக்கட்டும். அஞ்சு நிமிசம்தானே."

ஐந்து நிமிடம் மாமாவின் கையில் இருந்தது. மாமா அம்மாவின் தம்பி, எங்களோடு இருந்தவர். விடியவே எழும்பி, விருந்தாட்கள் வழுக்கி விழாமல் பின்படிகளில் உப்பை அள்ளி எறிந்துவிட்டு வந்து அடுப்படியில் நின்றார். தமிழ்க்கடைக் கலண்டரில் சூரிய உதயம் ரொறன்ரோவுக்குத்தான் போட்டிருந்தது.

"ரொறன்ரோச் சூரியன் எங்கடை சூரியன் இல்லை, அக்கா. பின்வீட்டுக் கூரைக்கு மேலை கண்ணாலை காணவேணும். அப்பதான் பால் பொங்கவேணும்."

"அப்ப போய் அந்த மனிசனைக் கூரையைக் கழட்டச் சொல்லு. கெதியா வரும்."

மாமா அசையவில்லை. பால் எழும்பும்போதெல்லாம் மின்னடுப்பைக் குறைத்தார்.

நான் கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றேன். வீமன் படியில் நின்று என்னைப் பார்த்தான். வலது முன்காலைத் தூக்கினான். மாமா அவனுக்குப் பழக்கியிருந்த ஒரே வித்தை அதுதான். 'கை குடு' என்றால் கை தருவான், ஒரு பிஸ்கட் கிடைக்கும். நானும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கையை வைத்தேன். அவன் இடதைத் தூக்கினான். பிறகு வலது.

"மாமா, வீமன் ரெண்டு கையும் தாறான்."

"அவருக்கும் பொங்கல் வேணுமாம். பொறுக்கச் சொல்லு."

நான் எண்ணத் தொடங்கினேன்.

கூரைக்கு மேலே வெளிச்சம் வந்தபோது ஏழு ஐம்பத்தைந்து. பால் பொங்கி வழிந்தது. மாமா "பொங்கலோ பொங்கல்" என்று கூவ, நான் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி கதவைப் பார்த்தேன். வீமன் கை தரவில்லை. படுத்திருந்தான். பாதத்தை நக்கிக்கொண்டிருந்தவன் அதையும் நிறுத்திவிட்டான். படியில் அங்கங்கே சிவப்பாக இருந்தது.

"அம்மா," என்றேன்.

அம்மா ஒருதரம் எட்டிப் பார்த்தார். அகப்பையைப் போட்டுவிட்டு, பட்டுச் சேலையோடு, வெறுங்காலோடு வெளியே போனார். அரிசி மூட்டையைத் தூக்குவதுபோல வீமனை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தார். மாமா சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்க, அவர் கையைத் தட்டிவிட்டு, முழங்கையால் சூடு பார்த்துப் பார்த்துத் தண்ணீரைக் கலந்தார். பாதங்கள் வெடித்திருந்தன. விரல்களுக்கிடையில் உப்பும் பனியும் இறுகிப்போயிருந்தன. வீமன் அழவே இல்லை. அதுதான் எனக்குப் பயம். பானையில் பொங்கல் அடிப்பிடித்து மணத்தது, யாரும் இறக்கவில்லை.

செத்துப்போவானோ என்று நினைத்தேன். அதற்கிடையிலும் யாரும் பார்க்காத நேரத்தில் வாசலீன் போத்தலைத் திறந்து ஒரு விரல் தோண்டி எடுத்துப் பாவாடையில் துடைத்தேன். பூசியதுபோல இருக்கட்டும் என்று.

வீமன் பிழைத்தான். பங்குனி வரை என் காலுறைகளைப் போட்டுக்கொண்டு நொண்டினான். உப்பும் குளிரும் சேர்ந்து எரிக்கும் நிலத்தில் பாதம் வைக்க முடியாத நாய் அப்படித்தான் காலை மாற்றி மாற்றித் தூக்கும் என்பதை வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். இப்போது என் மகள் கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகத்து முற்றத்துப் பனியில் நின்று எனக்குக் கைகாட்டினால், சிரிக்கமுன் அவளுடைய கையுறையைத்தான் பார்க்கிறேன். மற்றத் தாய்மார் என்னை ஒருமாதிரிப் பார்க்கிறார்கள்.

அன்று காலை அப்பா வேலை முடிந்து எட்டரைக்கு வந்தார். குளிர் அங்கியைக் கழற்றாமலே முழங்காலில் இருந்து, ஒவ்வொரு பாதமாக விரித்துப் பார்த்தார். பிறகு போத்தலைப் பார்த்தார். பிறகு என் பாவாடையைப் பார்த்தார். அவர் பேசமுன் நான் முந்திக்கொண்டேன்.

"அப்பா, வீமன் வடிவாக் கை தந்தவன். ரெண்டு கையும்."

அப்பா வீமனின் பாதத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டார்.

"எத்தினை தரம் தந்தவன், பிள்ளை?" என்று கேட்டார்.

நாற்பத்தொன்று என்று சொன்னேன். பிழையில்லாமல் எண்ணியிருந்ததில் எனக்குப் பெருமையாக இருந்தது.