கண்ணாடிக்கு மருந்து கொடுத்தவர்

மாதா கோயில் கோபுரத்தின் விளக்குக் கண்ணாடியை இனிமேல் தரையில் நின்றபடியே கழுவுவது என்று எங்கள் ஊர்ச் சங்கம் ஒருமனதாகத் தீர்மானித்தது. நாடு விடுதலை பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தில்லியில் அரசியல் சட்டத்தை எழுதி முடித்திருந்தார்கள். ஐந்தாண்டுத் திட்டமும் வந்திருந்தது. எங்கள் பங்குக்கு நாங்கள் இதைச் செய்தோம். அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும், அதை நிறைவேற்றுவதற்கான கழியைத் தேர்ந்தெடுத்தவருமான கம்பவுண்டர் செல்லையா, போன ஆனி மாதம் கமுதியில் காலமானார்.

செய்தியைக் கொண்டுவந்தவர் மிளகாய் வியாபாரி. தங்கை மகள் கல்யாணத்துக்காகக் கம்பவுண்டர் லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தார். வியாபாரி மூட்டையை இறக்கி, முகத்தைத் துடைத்து, கமுதியில் மிளகாய் என்ன விலை போகிறது என்பதைச் சொல்லி முடித்த பிறகு, “உங்க கம்பவுண்டரு போயிட்டாருல்ல. பந்தியில சாப்பிட்டுட்டு வந்து உக்காந்தவரு, எந்திரிக்கல” என்றார். கடையில் நின்ற ஒருவர், “எந்தக் கம்பவுண்டரு?” என்று கேட்டார். எங்கள் ஊருக்கு இருந்தது ஒரே கம்பவுண்டர்தான். இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று எங்கள் எல்லோருக்குமே தோன்றியிருந்தது.

அவரிடம் கட்டுப் போட்டுக்கொண்டவர்களும் கலவை மருந்து வாங்கிக் குடித்தவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கத்தோலிக்க மீனவர்கள் வாழும் எங்கள் கடற்கரையில், கோயில் நடத்தும் மருந்தகத்துக்கு வேலைக்கு வந்த கமுதிக்காரர் அவர். கழுத்தில் உத்திராட்சம். ஞாயிறு பூசை முடியும் நேரத்தில் மருந்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருப்பார். முழங்கால்வலிக்காரர்கள் நேரே அங்கே வருவார்கள். எத்தனை வருடம் இருந்தும் ஊருக்கு அவர் கமுதியார்தான். கழியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவருக்குப் போனதற்கும் அதுவே காரணம். வடக்குத்தெருவும் தெற்குத்தெருவும் ஒன்றையொன்று நம்பாத ஊர் இது. அவர் வெளியூர்க்காரர் என்பதில் மட்டும் இரண்டு தெருவுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பள்ளிக்கூட வாத்தியார் என்ற முறையில் நானும் கழி தேடும் குழுவில் சேர்க்கப்பட்டேன். எழுதப்படிக்கத் தெரிந்தவன் ஒருவன் இருந்தால் குழுவுக்கு மரியாதை என்றார்கள்.

கழி எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரைக்கு முன்னால் கடலுக்குள் பாறைத் திட்டுகள் நீளமாகக் கிடக்கின்றன. வள்ளங்கள் உள்ளே வர நடுவில் ஒரே ஒரு வாய்தான். இருட்டில் திரும்புகிறவர்கள் கோபுர விளக்கை நேராகப் பிடித்து அந்த வாய்க்குள் நுழைவார்கள். விளக்குக்கு முன்னால் கடலைப் பார்த்து ஒரு பெரிய கண்ணாடி. அது ஒருமுறை காற்றில் திறந்து அடித்துக்கொண்டு உடைந்தது. அதற்குப் பிறகு போட்ட கண்ணாடியை, இனிமேல் எக்காலத்திலும் திறக்க முடியாதபடி சுண்ணாம்பு வைத்து அடைத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு பிழையை அவ்வளவு உறுதியாகத்தான் திருத்துவார்கள். கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் மழை இருக்காது. கடல் திவலை மட்டும் வந்து கண்ணாடியில் படிந்து காயும். ஒரு வாரம் விட்டால் கண்ணாடி சுவர் மாதிரி ஆகிவிடும். வெளியிலிருந்துதான் துடைக்க வேண்டும். துடைப்பவர் கோயில் வேலையாள் செவத்தியான். ஏணியின் உச்சியில் ஒரு கை, பல்லில் ஈரத்துணி, ஈரத்தை ஒற்றி எடுக்கத் தோளில் உலர்ந்த துணி.

ஒரு கச்சானில் அவர் விழுந்தார். இடுப்பு எலும்பு விலகி, மருந்தகத்தில் நாள்கணக்கில் கிடந்தார். எழுந்து நடக்க ஆரம்பித்ததும் ஊர் முதலில் கேட்டது கண்ணாடியைப் பற்றி. அவருடைய மனைவி ரீத்தம்மா தைலம் வாங்க வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

“கம்பவுண்டரய்யா, அடுத்த தடவ உழுந்தா கட்டுப் போட ஒடம்புல எடம் இருக்காது. இப்பவே சொல்லிப்புட்டேன்.”

“ஏறாதன்னு சொல்லேன்.”

“சொன்னேன். ‘வள்ளம் பாறையில முட்டுனா நீயா பதில் சொல்லுவ’ங்கிறாக. அவுக ஏறாட்டி வேற யாரு ஏறுவா? வடக்குத்தெருக்காரன் ஏறுனா தெற்குத்தெரு சண்டைக்கு வரும்.”

கம்பவுண்டர் தைலத்தை ஊற்றிக் கொடுத்தார். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வந்தது: ஒரு நீளக் கழி, அதன் நுனியில் சுண்ணாம்படிக்கும் மட்டை, கழிக்குள்ளேயே தண்ணீர் ஏறிப் போய் மட்டையில் வழிய வேண்டும், ஆள் தரையில் நிற்க வேண்டும்.

தண்ணீரை ஏற்றுவதில் சிரமம் இருக்கவில்லை. யுத்த காலத்தில், குண்டு விழுந்து தீப்பிடித்தால் அணைப்பதற்காக, ஊருக்கு ஒரு கைப்பம்பு கொடுத்திருந்தார்கள். குண்டு விழாததால் அது புதிதாகவே இருந்தது. ரப்பர் குழாய்களை மருந்தகத்திலிருந்து கம்பவுண்டரே கொண்டுவந்து ஒன்றோடொன்று இணைத்தார். அந்தக் குழாய்களின் பழைய உத்தியோகத்தைப் பற்றிச் சங்கத்தில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

விவாதமெல்லாம் கழியைப் பற்றித்தான். வடக்குத்தெரு மிக்கேல் சம்மாட்டி, நாலு வள்ளங்களுக்குச் சொந்தக்காரர், தன் தகப்பனார் வள்ளத்தின் பருமலைக் கொண்டுவந்து போட்டார். பாயைத் தாங்கும் குறுக்கு மரம் அது.

“நாப்பது வருசம் காத்தத் தாங்குன மரம். ஒரு கண்ணாடியத் தாங்காதா?” என்றார்.

“மரம் தாங்கும் சம்மாட்டி. கண்ணாடி தாங்குமான்னுதான் யோசிக்கிறேன்” என்றார் கம்பவுண்டர்.

தெற்குத்தெரு சூசை இரும்புக் குழாயைச் சொன்னார். உள்ளே துளை இருக்கிறது, வேறு ரப்பர் குழாயே வேண்டாம் என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். துண்டுகளை முடுக்கி இணைத்து நாலு பேர் தூக்கி நிறுத்தினார்கள். நுனி போய்க் கோபுரத்துக்கு முன்னால் வளைந்து நின்றது. “சூச, ஒங்க கொழா சாமியக் கும்பிடுது. கண்ணாடியத் தொடல” என்றார் மிக்கேல் சம்மாட்டி. அன்று கூட்டம் அத்துடன் முடிந்தது.

ஒவ்வொரு கழியையும் சோதிக்கக் கம்பவுண்டர் ஒரு வழி வைத்திருந்தார். கழியைச் சிபாரிசு செய்தவரே அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேலே அண்ணாந்து பார்த்தபடி, மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தைப் பத்துத் தடவை சொல்லி முடிக்க வேண்டும். இந்து ஒருவர் செபமாலையைக் கடிகாரமாகப் பயன்படுத்துவதில் பங்குச்சாமியாருக்கு முதலில் தயக்கம் இருந்தது. ஊரில் செபம் அதிகமாவதைக் கண்டு பேசாமல் இருந்துவிட்டார். மிக்கேல் சம்மாட்டி பருமலோடு மூன்றாவது மந்திரத்தில் நிறுத்தினார். கை வலிக்கவில்லை, கழுத்து பிடித்துக்கொண்டது என்றார். “கழியத் தூக்குறது கையின்னு எல்லாரும் நெனைக்கிறாக. தூக்குறது கழுத்து” என்று கம்பவுண்டர் சொல்லி, தைலம் தடவிவிட்டார்.

கடைசியில் மூங்கில் என்று முடிவானது. அது எந்தத் தெருவினுடையதும் அல்ல என்பதே அதன் முதல் தகுதி. அவரும் நானும் பரமக்குடிக்கு ரயிலேறிப் போனோம். மூங்கில் கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “பந்தலுக்கா, பாடைக்கா?” என்று கேட்டார்.

“ரெண்டுக்கும் இல்ல. ஒரு ஆளு பாடைக்குப் போகாம இருக்கதுக்கு” என்றார் கம்பவுண்டர்.

கடைக்காரர் அப்படி ஒரு ரகம் இருப்பதாகக் கேள்விப்பட்டதில்லை. “அங்கன கெடக்கு, பாத்து எடுங்க” என்றார். கம்பவுண்டர் ஒவ்வொரு மூங்கிலாக எடுத்து, அடியை இடுப்பில் அணைத்து, கிடையாக நீட்டிப் பிடித்து, நுனி எவ்வளவு தொய்கிறது என்று பார்த்தார். பச்சை வாடை போகாததை ஒதுக்கினார். கணு நெருக்கமாக இருப்பதைத் தட்டிப் பார்த்தார். பாதிக் கடையைக் கலைத்தபின் இரண்டைத் தேர்ந்தெடுத்தார். ஊருக்கு வந்து, கொல்லனிடம் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் கணுக்களைத் துளைத்து, குழாயை உள்ளே விட்டு, தகரப் பூண் போட்டு இரண்டையும் ஒன்றாக்கினார். நுனியில், சுண்ணாம்படிக்கும் மட்டை கண்ணாடியைக் கீறும் என்று அதன்மேல் மருந்தகத்துப் பஞ்சைச் சுற்றிக் கட்டினார். செவத்தியான் அதைத் தூக்கிப் பிடித்துப் பத்து மந்திரமும் சொல்லிவிட்டு, பதினொன்றாவதையும் சொன்னார்.

ஒரு ஞாயிறு பூசைக்குப் பின் கண்ணாடி கழுவப்பட்டது. பம்பை அடித்தது தெற்குத்தெரு; குழாயைப் பிடித்தது வடக்குத்தெரு. தண்ணீர் மேலே போய் வழிந்தபோது ஊரே பார்த்து நின்றது. கண்ணாடி பளபளத்தது. சாமியார் கழியை மந்திரித்தார். மாலைக்குள் கண்ணாடி காய்ந்தது. காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்துப் போயிருந்தது. முன்பைவிடச் சற்றுச் சீராக, அவ்வளவுதான்.

மறுநாள் கூட்டத்தில் கழியின் மேல் குற்றப்பத்திரிகை வாசிக்கப்பட்டது. மூங்கிலுக்குள் இருக்கும் மாவு என்றார் ஒருவர். பரமக்குடிச் சரக்கே அப்படித்தான் என்றார் இன்னொருவர். கம்பவுண்டர் எழுந்து, “கழியில ஒண்ணுமில்ல. கெணத்துத் தண்ணி உப்பு. காஞ்சா பூக்கத்தான் செய்யும்” என்றார்.

எங்கள் கிணற்றுக்கு நல்லதண்ணிக் கிணறு என்று பெயர். அதைக் குடித்துப் பிறந்து வளர்ந்த எங்கள் நாக்குக்கு மற்ற ஊர்த் தண்ணீர்தான் சப்பென்று இருக்கும்.

மிக்கேல் சம்மாட்டி கேட்டார்: “எங்க பாட்டன் வெட்டுன கெணறு. இங்கன இருக்க அம்புட்டுப் பேரும் அதக் குடிச்சு வளந்தவுக. கமுதிக்காரருக்கு மட்டும் கரிக்குதாக்கும்?”

“சம்மாட்டி சொல்றது சரிதான்” என்றார் தெற்குத்தெரு சூசை.

இப்படி ஒரு வாக்கியம் எங்கள் சங்கத்தில் அதற்கு முன் சொல்லப்பட்டதில்லை. பல சாமியார்கள் முயன்று முடியாத ஒற்றுமையைக் கம்பவுண்டர் ஒரே கூட்டத்தில் உண்டாக்கினார். அந்த வியாழக்கிழமை செவத்தியான் ஏணியில் ஏறினார். அவர் இறங்கும்வரை கம்பவுண்டர் மருந்தக வாசலில், கட்டுத்துணிச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அடுத்த கூட்டத்தில் அவர் தாமாகவே மன்னிப்புக் கேட்டார். தான் சொன்னது தவறு, தண்ணீரில் குறை இல்லை, குறை கண்ணாடியில், இது கடலோரக் கண்ணாடிகளுக்கு வரும் ஒரு நோய், அதற்கு மருந்து உண்டு, கிணற்றுத் தண்ணீரில் கழுவி முடித்ததும், கடைசியாக இந்த மருந்தைப் பம்பில் ஊற்றி ஏற்ற வேண்டும், வாரம் இருவேளை. ஊர் பெருந்தன்மையோடு அவரை மன்னித்தது. மருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் சாடியில் வந்தது. மூடியைத் திறந்தால் ஸ்பிரிட் வாசனை அடித்தது. கண்ணாடி காய்ந்தது, காய்ந்த பிறகும் கண்ணாடியாகவே இருந்தது. மிக்கேல் சம்மாட்டி தன் மூக்குக்கண்ணாடிக்கு ஒரு குப்பி கேட்டு வாங்கிப் போனார். “மருந்துன்னா மருந்துதான். சும்மா தண்ணியத் தண்ணியக் குறை சொல்லக் கூடாது” என்றார்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போனேன். நல்ல மழை. கம்பவுண்டர் கொல்லைப்புறத்தில், ஓட்டுத் தாழ்வாரத்திலிருந்து விழும் தண்ணீருக்கு அடியில், சாடிகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

“மருந்து காய்ச்சுறீங்களா?” என்றேன்.

“காய்ச்சுறது மேல இருக்கவரு. நான் புடிச்சு வைக்கிறேன், அம்புட்டுத்தான். கலவை மருந்துக்கு வருசா வருசம் புடிக்கிறதுதான். ஒரு கரண்டி ஸ்பிரிட் ஊத்துவேன். வாசனை இல்லாட்டி நம்ம ஆளுக மருந்துன்னு ஒத்துக்கிற மாட்டாக.”

“இப்பவாவது சொல்லிரலாமே.”

“உண்மைய ஒரு தடவ சொல்லிப் பாத்தேன் வாத்தியாரே. செவத்தியான் ஏணியில ஏறிட்டாரு.”

அதன்பின் அவர் இருந்தவரையில் ஏணி கோயில் பின்புறம் சாய்ந்தே கிடந்தது. கோழிகள் அதில் அடைந்தன.

கல்யாணத்துக்குப் புறப்படுமுன் இரண்டு வாரத்துக்கான மருந்தை அவர் செவத்தியானிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது தீர்ந்தது. புதிய கம்பவுண்டர் வரும்வரை மருந்தகத்தைத் திறக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. பூட்டுக்குப் பின்னால் சாடிகள் இருக்கின்றன. இது ஆடி மாதம். வானத்தில் ஒன்றும் இல்லை. கண்ணாடி மறுபடி பூத்தது. சங்கத்தில் எழுந்து, அந்த மருந்து மழைத் தண்ணீர் என்று சொன்னேன்.

மிக்கேல் சம்மாட்டிக்கு இப்போது வயதாகிவிட்டது, கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். “போன மனுசர் மேல பழி போடலாமா வாத்தியாரே? அவரு பச்சத்தண்ணியக் குடுத்து ஊர ஏச்சாருன்னா சொல்லுறீக? தங்கமான மனுசன். கழி பழசாயிருச்சு, அதான்.” சூசை தலையசைத்தார். மறைந்த கம்பவுண்டருக்கு ஒரு நிமிட மௌனம் அனுசரிக்கப்பட்டது.

பரமக்குடி மூங்கிலில் நீளத்துக்கு மேல் மிஞ்சிய ஒரு முழத் துண்டை அவர் அப்போதே என்னிடம் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் தேசப்படத்தைச் சுட்டிக்காட்ட அதைத்தான் வைத்திருக்கிறேன். கணுக்கள் துளைக்கப்பட்ட துண்டு. கண்ணில் வைத்தால் மறுபக்கம் தெரியும். அவருடையது என்று என்னிடம் இருப்பது அதுவும், மழையன்று அவர் சொன்ன வார்த்தையும்.

புதிய கழியைத் தேர்ந்தெடுக்க ஐவர் குழு அமைக்கப்பட்டிருக்கிறது. வியாழக்கிழமை செவத்தியான் கோழிகளை விரட்டிவிட்டு ஏணியை எடுத்தார்.