ஓரகத்தி ஆடிய என் ஆட்டம்

முருகன் அருளை நம்பும் உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? மூன்று வருடமாக எனக்கு வயிறு எரிந்தது. காரணம், என் கொழுந்தன் மனைவி ரேகா.

கல்பாக்கத்தில் ஒரே வீட்டுக்கு வாழ வந்த மருமகள்கள் நாங்கள். மாமல்லபுரத்துக்கு உலகமே செஸ் ஆட வந்துபோன பிறகு, எங்களுக்கும் அந்தப் பித்துப் பிடித்தது. சேர்ந்துதான் கற்றுக்கொண்டோம். கோப்பை மட்டும் அவளுக்கே வந்தது. ஷோகேஸில் அதைத் தூசி துடைப்பது நான்! வெள்ளைக் காய் கிடைத்தால் போதும், ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவாள். அந்தச் சிப்பாயைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சோறு இறங்கவில்லை. தூக்கம் போனது. படூரில் தனியாக வீடு பார்க்கச் சொல்லி என் கணவரை நச்சரித்தேன். தம்பியைப் பிரிய மனமில்லாமல் அவர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். ஆடிக் கிருத்திகையன்று திருப்போரூர் சந்நிதியில் நின்று அழுதேன். "முருகா, ஒரே ஒரு நாள் அவளும் என்னைப் பார்த்து வயிறு எரியணும்." வேறெதுவும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் மாமல்லபுரத்தில் ஒரு மண்டபத்தில் பெண்களுக்கான போட்டி. கடைசிச் சுற்றில் என் எதிரே ரேகா. எனக்கு வெள்ளை. அவளுக்குத் தெரியாமல் அவளுடைய தொடக்கத்தையே பழகி வைத்திருந்தேன். ராணிச் சிப்பாயைத் தள்ளினேன். அவள் குதிரையை எடுத்தாள். பிறகு மந்திரியை ஓரத்தில் பதுக்கினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கருப்பில் நான் ஆடும் ஆட்டம் அது! வீட்டில் ஆடுகிற அதே ஆட்டம், நாற்காலி மட்டும் மாறியிருந்தது.

ஜெயித்தது அவள்தான். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, என் ஆட்டத்த ஆடிகினு கீற?"

"நீ ஆடுனது மட்டும் யாருதுடி?"

"உன்னுதுதான். கருப்புல நீ பதறாம ஆடுறத பாத்து எவ்ளோ நாளா வயிறு எரிஞ்சிகினு கீறேன் தெரியுமா? எனக்குன்னு வெள்ளய வுட்டா வேற ஆட்டம் இல்லக்கா, அதான் உன்னுத எடுத்துகினேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கேட்டது ஒரு நாள். முருகன் அதை எப்போதோ கொடுத்துவிட்டிருந்தான். அதைக் காட்டத்தான் எங்களை எதிரெதிரே உட்கார வைத்தான்.

படூர் பேச்சை விட்டேன். கணவர் பழையபடி பேசுகிறார். கிருத்திகைதோறும் நானும் ரேகாவும் ஒரே பஸ்ஸில் திருப்போரூர் போகிறோம். உங்களுக்கும் பொறாமை இருந்தால், நல்ல பிள்ளை வேஷம் போடாமல் அதையே அவனிடம் சொல்லுங்கள். கேட்பான்.

அந்தப் போட்டியின் கோப்பையும் ஷோகேஸுக்கு வந்துவிட்டது. துடைக்கும்போது இன்னும் எரியத்தான் செய்கிறது. அவளுக்கும்தான் என்று நினைத்தால், சோறு இறங்கிவிடுகிறது.