வைத்த பாக்கு

“…அப்ப எம்மக கழுத்துல தாலி ஏறக்கூடாதுங்கிறீகளா? வச்ச பாக்கத் திருப்பி வாங்குன வீட்டுல கல்யாணம் நடந்து நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீகளாய்யா?”

கேட்டவள் எங்கள் மில்லுக்கு மூங்கில் கூடை போடுகிற அம்மாள். கேட்டது மேனேஜரை. இடம், மதுரையில் நான் குமாஸ்தாவாக இருந்த நூல் மில்லின் ஸ்டோர் அறை. கீழக்குயில்குடியிலிருந்து வந்த வண்டி வெளியே நின்றது. பாதிக் கூடை இறங்கியிருந்தது, பாதி வண்டியிலேயே இருந்தது. மேனேஜருக்கு முன்னால் மேஜைமேல் ஒரு தேங்காய், கொஞ்சம் பாக்கு, மஞ்சள், வாடிப்போன வெற்றிலை. கொலை செய்த கத்தியை வைப்பதுபோல் வைத்திருந்தார்கள்.

இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

யுத்தம் தொடங்கியிருந்த நேரம். மில் வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள். சரக்குப் போடுகிறவர்களிடமிருந்து மில் ஆட்கள் எதையும் வாங்கக் கூடாது, வாங்கினால் வேலை போய்விடும் என்று எழுதியிருந்தது. சட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். பஞ்சுத் தரகர்கள் தீபாவளிக்கு வேட்டியும் பலகாரமுமாக அனுப்பி, ஈரப் பஞ்சை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். நூல் அறுந்தால் கூலி வெட்டு விழுந்தது தறிகெட்ட தரகனுக்கு அல்ல, மெஷினுக்கு முன்னால் நின்றவனுக்கு. அதனால் பலகையைப் படித்துச் சொன்னதும் ஆட்களெல்லாம் கை தட்டினோம்.

பலகை ஏறிய அதே மாதம், மேனேஜர் பங்களாவில் கன்றும் பசுவுமாகக் கட்டியிருந்தது. பெரிய தரகர் அனுப்பியது. கேட்டால், “மேய்ச்சலுக்கு விட்டிருக்கார்” என்று பதில்.

“பஞ்சு தின்னு வளந்த மாடு மாப்ள அது. பாலு கறக்க வேணாம், நேரா நூலே நூத்துக்கலாம்” என்று மெஷின்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கத்தான் முடிந்தது. யானை போற வழியில் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, எறும்பு போற வழியில் காவல் போடுகிற ஊர் நம்முடையது.

அந்த எறும்பாக அகப்பட்டவர் எங்கள் ஸ்டோர் கீப்பர். செல்லூர்க்காரர். இருந்த தறியையும் விற்றுவிட்டு மில்லுக்கு வந்தவர். வேலை போனால் திரும்பிப் போய் உட்கார இடம் கிடையாது. கூடைக்கார அம்மாள் மகள் கல்யாணத்துக்குப் பாக்கு வைத்துக் கூப்பிட வந்தாள். தட்டை நீட்டினாள். எங்கள் பக்கத்தில் பாக்குத் தட்டு எதிரே வந்தால் யோசிக்கிற வழக்கம் கிடையாது. கை தானாக நீளும். கடன்காரன் வைத்தாலும் எடுத்துக்கொள்வோம், பேச்சில்லாத பங்காளி வைத்தாலும் எடுத்துக்கொள்வோம். அவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். நானும் அங்கேதான் நின்றேன். எங்களில் ஒருவருக்குக்கூட வாசல் பலகை ஞாபகம் வரவில்லை. பாக்கை யாராவது பரிசு என்று நினைப்பார்களா?

சாயங்காலம் சங்கு ஊதி வெளியே போகையில், வாசலில் அவர் பையைத் தடவிப் பார்த்த காவல்காரன் தேங்காயை எடுத்துவிட்டான்.

மறுநாள் கூடையோடு வந்த அம்மாளையும் கூப்பிட்டு நிறுத்தினார்கள். மேனேஜர் தீர்ப்புச் சொன்னார். “என் கண் முன்னால இதை அந்தம்மாகிட்டத் திருப்பிக் குடுத்துடு. வாங்கவே இல்லைன்னு ஆயிடும். இல்லேன்னா இன்னைக்கே கணக்கை முடிச்சுக்க.”

அதற்குத்தான் அவள் அப்படிக் கேட்டாள். மேனேஜர் வேற்று நாட்டுக்காரர் அல்ல. அவர் தங்கை கல்யாணத்துக்கு எங்களுக்கெல்லாம் பாக்கு வைத்தவர். வைத்த பாக்கு திரும்பினால் அந்தக் கல்யாணமே வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம் என்பது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

“அதெல்லாம் மூடநம்பிக்கை” என்றார்.

“அப்ப உங்க வீட்டுப் பாக்க நாங்க திருப்பிக் கொண்டாந்து வச்சிருந்தா?” என்று கேட்டாள் அவள்.

மேனேஜர் அவள் பக்கமே திரும்பாமல் ஸ்டோர் கீப்பரைப் பார்த்தார். “என்ன சொல்றே?”

ஸ்டோர் கீப்பர் மேஜையைத் தொடவில்லை. “வேலைய எடுத்துக்குங்க சார். என்னால முடியாது. எனக்கும் ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்கு.”

மேனேஜர் பேனாவின் மூடியைக் கழற்றினார். நான் வாயைத் திறந்தேன். பசுமாட்டைப் பற்றி நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அம்மாள் ஸ்டோர் கீப்பர் பக்கம் திரும்பினாள். அதுவரை இருந்த குரல் இல்லை அது.

“வேலையப் போக்கிட்டு அந்த ரெண்டையும் எப்பிடிண்ணே கரையேத்துவீக?”

அவர் தரையைப் பார்த்தார். “உம்மக கல்யாணம்…” என்று ஆரம்பித்தார்.

“அது என் பாடு” என்றாள்.

முந்தானையை விரித்தாள். அவர் கை படாமல், மேனேஜர் கை படாமல், தேங்காயையும் மஞ்சளையும் பாக்கையும் வாடிய வெற்றிலையையும் தானே மேஜையிலிருந்து அள்ளிப் போட்டு முடிந்துகொண்டாள். யாரையும் திரும்பிப் பார்க்காமல் வெளியே போய், வண்டியில் பாக்கி இருந்த கூடைகளை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தாள்.