கவினி கீறின கிணறு

கவினி தன் கையால் கீறின கிணற்றுப் படத்தைக் கசக்கி வளவுக் குப்பைக் கிடங்குக்குள் போட்டார்கள். கடையில் பிறின்ற் எடுத்த கிணற்றுக்கு நட்சத்திரம் ஒட்டினார்கள். இது அநியாயம். பிள்ளைக்கு எட்டு வயது. 'சின்ன விசயம், விடுங்கோ ரீச்சர்' என்கிறவர்கள் இதற்குக் கீழே வாசிக்க வேண்டாம்.

நான் படிப்பித்த முதல் வகுப்பறைக்கு ஒரு மணம் இருந்தது... ஊமத்தை இலையும் சிரட்டைக் கரியும் அரைத்துப் பூசின கரும்பலகையின் பச்சை மணம். ஓலைக் கொட்டில்தான் பள்ளிக்கூடம். ஓ.எல். சோதனையோடு படிப்பு நின்றுபோன எனக்கு அங்கே சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியை வேலை; நிரந்தர நியமனம் பிறகுதான் வந்தது. ஆசிரியர் கலாசாலைப் பக்கம் நான் போனதில்லை. பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் படிப்பிக்கப் படித்தேன்.

சண்டைக் காலம். கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் கிடைத்தால் ஜாம் போத்தல் விளக்கில் கொஞ்சம் எரியும். அந்த வெளிச்சத்தில் தாய் சமைக்கிறதா, பிள்ளை எழுதுகிறதா? கொப்பிக்கும் தட்டுப்பாடு. அதனால் நான் கொடுத்த வீட்டுவேலை ஒன்றே ஒன்று.

"நாளைக்கு வரேக்கை ஒரு செய்தி கொண்டு வா. ரேடியோ சொன்னது கூடாது. குண்டு போட பொம்மர் வந்த கதையும் கூடாது, அது எல்லாருக்கும் தெரியும். உன்ரை கண்ணாலை நீ கண்டதா இருக்கோணும்."

காலையில் ஒவ்வொருவராக எழும்பிச் சொல்லுவார்கள். நான் பலகையில் எழுதுவேன். அதுதான் அன்றைய வாசிப்புப் பாடம்.

ஒருநாள் ஒருத்தி எழும்பி, "எங்கடை சிவத்தச் சேவலைக் காணேல்லை, ரீச்சர்" என்றாள். எழுதினேன். அடுத்த வாங்கில் இருந்தவன் எழும்பி, "எங்கடை வீட்டிலை ராத்திரிக் கோழிக்கறி, ரீச்சர்" என்றான். வகுப்பே அவனைத் திரும்பிப் பார்த்தது. அந்தச் செய்தியை மட்டும் நான் எழுதவில்லை.

தர்சினி என்று ஒரு பிள்ளை இருந்தாள். வாயே திறக்காதவள். ஒரு காலை தானாக எழும்பினாள்.

"எங்கடை கிணத்துக்கை அணில் விழுந்திட்டுது. அப்பா வாளி விட்டவர், அது பயந்து ஏறேல்லை. நான் ஓலை விட்டனான். பிடிச்சுக்கொண்டு ஏறிட்டுது."

அப்படியே எழுதினேன். வகுப்பு முழுக்கச் சத்தம் போட்டு வாசித்தது. பள்ளிக்கூடம் விடும்வரைக்கும் அந்த வரிகளை அழிக்க அவள் ஒருவரையும் விடவில்லை...

அதே தர்சினிதான் இப்போது என் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். கவினி அவளுடைய மகள்.

போன கிழமை கவினிக்கு வீட்டுவேலை வாட்ஸ்அப் குறூப்பில் வந்தது. எங்கள் வீட்டுக் கிணறு, படம் வரைந்து ஐந்து வசனம் எழுதுக. பிள்ளை கிணற்றுக்கட்டடியில் குந்தியிருந்து கீறினாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். இலை விழாமல் மேலே கட்டின நீல வலை, அதில் சிக்கின மாவிலை, மோட்டர்க் குழாய், குழாயில் ஒழுக்குக்குச் சுற்றின பழைய சாரத் துண்டு. எல்லாம் படத்தில் இருந்தது. வட்டம் மட்டும் கோணல்.

பின்னேரம் தர்சினி கொமினிக்கேசன் கடையில் கலர் பிறின்ற் எடுத்து வந்தாள். செங்கல் கிணறு. மேலே ஒரு குட்டிக் கூரை. பக்கத்தில் நாங்கள் கண்டே இராத ஒரு மரம். எங்கள் கோப்பாயில் எந்தக் கிணற்றுக்குக் கூரை இருக்கிறது?

"அம்மா, உது எங்கடை கிணறு இல்லை."

"பேசாமல் ஒட்டு." பிள்ளை கீறின தாளைத் தர்சினி கசக்கிக் குப்பைக் கிடங்குக்குள் எறிந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. வேலியால் கேட்டேன். "ஏன் பிள்ளை, அவள் கீறினதுக்கு என்ன குறை?"

"எல்லாற்றையும் படம் எடுத்துக் குறூப்பிலை போடுவினம், ரீச்சர். மற்றப் பிள்ளையளின்ரை பளபளவெண்டு கிடக்க, இவளின்ரை கோணிக்கொண்டு கிடந்தால் சனம் என்னையெல்லோ சிரிக்கும்."

"உன்ரை அணிலுக்கு ஆரும் சிரிச்சவையே?"

"அது அந்தக் காலம், ரீச்சர்" என்றாள். மறக்கவில்லை. ஞாபகம் இருந்தும்தான் செய்கிறாள்.

அந்தக் கடைக் கிணற்றுக்கு நட்சத்திரம் ஒட்டின வகுப்பு ஆசிரியையிடமும் போனேன். சின்னப் பெண், மரியாதையாகத்தான் கதைத்தாள். "வடிவா இல்லையெண்டால் தாய்மார் போனிலை எனக்குத்தான் கோல் எடுக்கினம். நீங்கள் பென்சன் எடுத்திட்டியள், ரீச்சர். நான் இன்னும் எத்தினை வருசம் இருக்கோணும்."

இதையெல்லாம்கூட விழுங்கியிருப்பேன். நேற்று அடுத்த வீட்டுவேலை வந்தது. எங்கள் வீட்டு முற்றம். கவினி பென்சிலைத் தொடவே இல்லை.

"அம்மா, கடையிலை எடுத்துத் தாங்கோ. எனக்குக் கீற வராது."

அன்றைக்கு விளக்கில்லாத பிள்ளைகள், ஒரு செய்திக்காக வீடு வளவெல்லாம் கண்ணாய்த் திரிந்தார்கள். இன்றைக்கு லைற் எரிகிறது, கொப்பி அடுக்கிக் கிடக்கிறது... பிள்ளை தன் முற்றத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டாள். இது திருந்தும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. என்றாலும் செய்ய வேண்டியதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

வகுப்பு ஆசிரியை, எந்தத் தாய் கோல் எடுத்தாலும், கடைப் படம் ஒட்டின கொப்பியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அதிபர், பிள்ளைகளின் வேலையைக் குறூப்பில் போடுவதை நிறுத்த வேண்டும்.

மேற்பார்வைக்கு வரும் கல்வி அதிகாரிமார் கொப்பியின் வடிவைப் பார்த்தது போதும். ஒரு பிள்ளையை எழுப்பி, நேற்று நீ என்ன கண்டாய் என்று கேட்க வேண்டும். பதில் வரும்வரை நிற்கவும் வேண்டும்.

கொமினிக்கேசன்காரத் தம்பி, "இது பிள்ளை செய்யிற வேலையெல்லோ அக்கா" என்று ஒருக்காலாவது சொல்ல வேண்டும்.

தர்சினி குப்பைக் கிடங்கில் இருந்து அந்தப் படத்தை எடுத்து, நீவி, கவினி காணச் சுவரில் ஒட்ட வேண்டும். குப்பையை இன்னும் கொளுத்தவில்லை. நான் எட்டிப் பார்த்தேன்.

நான் நாளைக் காலையும் வேலியடியில் நின்று, "கவினி, என்ன செய்தி?" என்று கேட்க வேண்டும். இன்று காலை வந்த பதில், "ஒண்டுமில்லை, ரீச்சரம்மா."

கவினி செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. அவள் தன் வீட்டுவேலையைச் செய்துவிட்டாள்.