பக்கத்து நெரை யாரு?

1. டீயும் பிஸ்கட்டும் நன்றாகப் போன நாள்

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வயதானவர்களுக்குப் பாட்டு வகுப்பு நடத்த வரும் இளம் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் வகுப்பே படுத்துவிட்டால் பயப்பட வேண்டாம். என்னுடைய முதல் வகுப்பு எழுந்திருக்கவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் சங்கீத ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, ஹாலிஎலவில் வீட்டோடு கிடந்து மனைவியின் சமையலில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலம். ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து, தெமோதரைக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டத்தில் புதன்கிழமைதோறும் முதியோருக்குப் பாட்டு வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டார்கள். நான் யோசிப்பதற்குள் என் மனைவி சரி என்று சொல்லிவிட்டாள்.

ஹார்மோனியத்தோடு போய் இறங்கினேன். தோட்டத்து மண்டபத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். முதியோரை வட்டமாக உட்கார வைக்க வேண்டும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பாட வேண்டும் என்று நிறுவனத்தின் ட்ரெய்னிங்கில் சொல்லியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற பெண்கள். சுருதி பிடித்து ஒரு பக்திப் பாட்டின் முதல் வரியைப் பாடிக் காட்டி, "எங்க, எல்லாரும் சேர்ந்து" என்றேன். எல்லாரும் சேர்ந்து தரையைப் பார்த்தார்கள்.

"ஏம்மா, பாட்டு வராதா?" என்று கேட்டேன். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

"வரும்ங்க மாஸ்டர்" என்றார் ராசம்மா. அந்தக் கூட்டத்தில் வாய் திறந்த ஒரே ஆள் அவர்தான். "இப்படி மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கிட்டு ஒக்காந்தா வரமாட்டேங்குது. வெக்கமா இருக்கு."

டீயும் பிஸ்கட்டும் மட்டும் நன்றாகப் போயின. வகுப்பை முடித்துக்கொண்டு கீழே ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றேன். அந்தப் பெண்கள் ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக லயத்துக்கு, தங்கள் வரிசை வீடுகளுக்கு, ஏறிக்கொண்டிருந்தார்கள். முன்னால் போன ஒருவர் ஒரு வரியைத் தூக்கிப் போட்டார். வெகுதூரம் பின்னால் வந்தவர் பதில் வரி பாடினார். அதற்கும் பின்னால் இன்னொரு குரல். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ரோட்டோரத்திலேயே பெட்டியைத் திறந்து கட்டையை அழுத்திப் பார்த்தேன். மலையேறும் அந்த வரிசையில் முதல் குரலும் கடைசிக் குரலும் ஒரே சுருதியில் நின்றன. பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, சேவைக்காலம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியும் எனக்குக் கிடைக்காத சுருதி அது. பஸ் வந்ததும் போனதும் தெரியவில்லை.

2. நாற்காலி இல்லாத வகுப்பு

அடுத்த புதன் வகுப்பை மண்டபத்துக்குப் பின்னால் இருந்த தேயிலைக்குள் மாற்றினேன். ராசம்மா ஆளுக்கொரு நெரை பிரித்துக் கொடுத்தார். செடி வரிசையைத்தான் அங்கே நெரை என்பார்கள். வேலையை மேற்பார்க்கும் கங்காணி காட்டிய நெரையைப் பிடித்துவிட்டால், முடிக்கும்வரை அதை விட்டு நகரக் கூடாது. வேலையை விட்டு வருடக்கணக்கானாலும் அந்தப் பழக்கம் அவர்கள் காலில் இருந்தது. ஏற முடியாதவர்கள் அடி நெரையில் கம்பை ஊன்றி நின்றார்கள். முகமெல்லாம் மலையைப் பார்த்தபடி. போன வாரம் மூடியிருந்த வாய்கள் தாமாகத் திறந்தன.

பனி மூடும் மலையிலே – என்
பக்கத்து நெரை யாரு?

பக்கத்து நெரை நாந்தான் – கல்லு
பாத்து வாடி தங்கச்சி.

ஒருவர் கேட்க, அடுத்தவர் பதில் சொல்லி, அதே கேள்வியைத் தனக்கு அடுத்தவரிடம் கேட்க வேண்டும். பனி இறங்கினால் பக்கத்தில் நிற்பவரைக்கூடத் தெரியாத மலைகளில் பாடிய பாட்டு.

இந்த வகுப்புக்குத்தான் சந்திரன் தன் தாயார் வெள்ளையம்மாவைக் கூட்டிவந்தான். சந்திரன் த்ரீவீல் ஓட்டுகிறவன். அவன் மனைவி அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். பகலில் வீட்டில் ஆள் இல்லை. வெள்ளையம்மாவுக்கு மறதி நோய். மகனின் பெயரே நினைவில்லை. ஆனால் காலையில் பெரட்டு நேரம், அதாவது வேலைக்கு ஆள் கூடும் நேரம் வந்தால் கால் நிற்காது; கொழுந்து பறிக்கும்போது கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒருமுறை கீழே தண்டவாளத்தில் நடந்துகொண்டிருந்தவரைச் சாயங்காலம்தான் கண்டுபிடித்தார்களாம். அதிலிருந்து சந்திரன் வெளியே பூட்டுப் போட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

"பூட்டி வச்சிட்டுப் போறேன்னு லயமே என்னைப் பேசுது மாஸ்டர்" என்றான். "பூட்டாம விட்டு ரயில்ல அடிபட்டா, அதுக்கும் என்னையத்தான் பேசும். அடுத்த வாரம் பதுளையில ஒரு முதியோர் இல்லத்துல சேக்கப் போறேன். அதுக்கு முன்னாடி ஒருநாள் வெளிய காத்துப் படட்டுமேன்னு கூட்டியாந்தேன்."

வெள்ளையம்மா யாரையும் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, பாதையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். ராசம்மா பின்னால் போய்க் கையைப் பிடிக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "யக்கா, ஒங்க நெரை இந்தா இருக்கு. எனக்கு அடுத்தது" என்றார்.

வெள்ளையம்மா திரும்பி வந்து அந்த நெரையில் நின்றார். கேள்வி அவரிடம் வந்தபோது, "பக்கத்து நெரை நாந்தான்" என்று அவர் எடுத்த குரலைக் கேட்டு நான் ஹார்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டேன். அந்தக் குரலுக்கு மறதியே இல்லை. வகுப்பு முடியும்வரை அவர் ஓரடி நகரவில்லை. சந்திரன் த்ரீவீலில் சாய்ந்துகொண்டு தாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வகுப்பு முடிந்ததும் ராசம்மா அவனிடம் வந்தார். "தம்பி, ஒரு வாரம் பொறுங்க. அக்காவோட நெரைய நம்ம லயத்து வாசல்லயே போட்டுடுறோம். பாடிக்கிட்டே நாங்க பாத்துக்கிறோம்."

"பாட்டுப் பாடி ஆளக் காவல் காக்க முடியுமாங்க மாஸ்டர்?" என்று அவன் என்னைக் கேட்டான்.

நான் ஹார்மோனியத்தை மூடினேன். உண்மையைச் சொன்னால், தண்டவாளத்தை நினைத்தபோது நான் பூட்டின் பக்கம்தான் இருந்தேன்.

3. பதில் வராத காலை

அடுத்த புதன் பயத்தில் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். பெரட்டுக்குப் போகிறவர்கள் போயிருந்தார்கள். லயத்தில் மிஞ்சியது வயதானவர்கள்தான். ஒவ்வொருவரும் தத்தம் வாசலில் உட்கார்ந்து, அரிசி புடைத்துக்கொண்டும் கீரை ஆய்ந்துகொண்டும் பாடினார்கள். பாட்டு வாசல் வாசலாக நகர்ந்து போனது. லயத்தின் கடைசியைத் தொட்டு, மறுபடி முதல் வாசலுக்கு வந்தது. வெள்ளையம்மாவுக்குக் கால் துடிக்கும் அந்த நேரம் முழுவதும் அந்த வாரம் இப்படித்தான் அவரை அவர் வாசல் நெரையிலேயே நிறுத்தி வைத்திருந்தார்களாம். அதன் பிறகு சாப்பிட்டுவிட்டு அவர் தூங்கிவிடுவாராம். இவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வந்த என்னை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

சிரித்து முடிப்பதற்குள் பாட்டு நின்றது.

ராசம்மா கேள்வியைப் பாடிவிட்டுக் காத்திருந்தார். பதில் இல்லை. இன்னொரு தடவை, இன்னும் உரக்கப் பாடினார். வெள்ளையம்மாவின் வாசல் காலியாக இருந்தது. யாரும் கூச்சல் போடவில்லை. முறம் எல்லாம் கீழே வைக்கப்பட்டது. ஓட முடியாத கால்கள்தான், ஆனால் ஆளுக்கொரு பாதையாகப் பிரிந்து போனார்கள். யார் எந்தப் பாதை என்று ஒருவரும் பேசிக்கொள்ளவில்லை. நான் ஒருவன்தான் எங்கே போவது என்று தெரியாமல் நின்றேன்.

தண்ணீர் கொட்டும் பீலிக்குப் பக்கத்தில் அவர் வழுக்கி உட்கார்ந்திருந்தார். கால் பிசகியிருந்தது, வேறொன்றுமில்லை. அதைத் தாண்டினால் தண்டவாளத்துக்கு இறங்கும் படி. ராசம்மா மூச்சிரைக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பாத்து வரக்கூடாதா யக்கா?" என்று சொல்லிவிட்டு அழுதார்.

செய்தி கேட்டு வந்த சந்திரன் தாயின் காலைத் தன் மடியில் வைத்துத் தைலம் தேய்த்தான். வெள்ளையம்மா, "நீ யாரு வீட்டுப் பிள்ளைப்பா?" என்று கேட்டார். அவன் தைலக் கையைத் துடைத்தான். பிறகு ஃபோனை எடுத்துப் பதுளை இல்லத்தாரிடம் பேசினான். "இல்லீங்க, எங்கம்மா வரலீங்க. இங்க ஆளுக இருக்காங்க."

அதிலிருந்து நான் புதன்கிழமைகளில் முதல் பஸ்ஸில்தான் போகிறேன். வகுப்பு என்னவோ பத்து மணிக்குத்தான்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு புதன். வெள்ளையம்மாவுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. அது எனக்கும் தெரியாது, மற்ற வாசல்களுக்கும் தெரியாது. பாட்டு வழக்கம்போல நகர்ந்து வந்தது. ராசம்மா கேட்டார்:

பனி மூடும் மலையிலே – என்
பக்கத்து நெரை யாரு?

பதில் இல்லை. முறத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அப்போது அந்த வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல், சுருதியும் இல்லாமல் தாளமும் இல்லாமல் அவசரமாக வந்தது.

பக்கத்து நெரை நாந்தான் – கல்லு
பாத்து வாடி தங்கச்சி.

வேலைக்குப் போகாமல் தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சந்திரன்தான். தாய் வயதுக்காரியை அவன் வாடி தங்கச்சி என்றதற்கு, வேறு நாளாக இருந்தால் லயமே உருண்டு புரண்டு சிரித்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை. அக்கா உள்ளேதான் இருக்கிறார் என்று தெரிந்ததும் முறங்கள் மறுபடி மடிக்கு வந்தன. ஆனால் அவன் அடுத்த கேள்வியைப் பாட வேண்டுமே. அதையும் பாடினான். அடுத்த வாசல் பதில் சொன்னது.

எங்கே சுருதி விலகினாலும் நிறுத்தித் திருத்தியே பழகியவன் நான். அன்று குடையோடு மழையில் நின்று, சந்திரன் பாடியதை அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு எதற்கு என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. வகுப்பெடுக்க வருகிறவர்களே, முதலில் அதைக் கேட்டுப் பழகுங்கள். சுருதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.